தறிச்சத்தத்துக்கு நடுவே ஒரு லைவ்

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்தில் இரவு பத்து மணிக்குமேல்தான் என் பெரியப்பா மகன் தன் கம்ப்யூட்டர் ஆட்டத்தை லைவ் போடுவான். ரசிகர் கூட்டத்தைக் கணக்குப் பார்த்து அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பகலில் தெருவிலுள்ள அத்தனை விசைத்தறிகளும் ஓடும்போது அவன் அறையில் டியூப்லைட்கூட அவ்வப்போது மினுக்கும். பத்து மணிக்குப் பாதித் தறிகள் நின்றதும் வோல்டேஜ் நிலைக்கு வரும், சத்தமும் கொஞ்சம் அடங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் தறிக்குடோன். நைட் ஷிப்ட் ஓடுகிற தறிகள் ஹெட்போனைத் தாண்டியும் கேட்கும். அவன் லைவைப் பார்ப்பவர்கள், "அண்ணா, பின்னாடி ட்ரெயின் போகுதா?" என்று சாட்டில் கேட்பார்கள்.

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது அவன் முகம் சரியில்லை.

"எனக்கு இங்க சூப்பரா ஓடுதுண்ணா. பாக்கறவங்களுக்குத்தான் ஸ்டக் ஆகுதாம். பத்து நிமிசம் பாத்துட்டுப் போயிடறாங்க. ஓவர்கிளாக் பண்ணிடலாமா? இல்லாட்டிப் புது பிராசசர் வாங்கிடலாமா?"

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு ஓவர்கிளாக் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் பிராசசர் சில்லை ஓட்டுவது என்றேன். அவருக்கு உடனே பிடிபட்டது. "மோட்டார் புல்லிய மாத்தறாப்பல" என்றார். "நாங்களும் செஞ்சிருக்கோம் கண்ணு. பெரிய புல்லி போட்டா தறி வேகமாத்தான் ஓடும். பாவு தாங்கணுமில்ல? நிமிசத்துக்கு ஒருக்கா இழை அறுந்தா, தறிய நிறுத்தி முடிச்சுப் போடறதுலயே பொழுது போயிரும். கடைசில துணி கொறஞ்சுதான் வரும்."

நாற்பது வருடம் தறி ஓட்டிய மனிதர் ஒரு நிமிடத்தில் சொன்ன இதைத்தான், அடுத்த நான்கு நாட்கள் அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு நாங்கள் கற்றுக்கொண்டோம்.

எங்கே அறுகிறது இழை?

லைவ் திக்குகிறது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அது எந்தத் திக்கல் என்று பார்ப்பதில்லை. மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒரு நொடியில் அறுபது படம் ஓட வேண்டுமென்றால், ஒரு படத்துக்கு 16.67 மில்லி நொடிதான் அவகாசம். அதற்குள் ஆட்டம் அந்தப் படத்தை வரைய வேண்டும். ஸ்ட்ரீம் மென்பொருள் அதன்மேல் கேமரா முகத்தையும் சாட்டையும் ஒட்டிச் சேர்க்க வேண்டும். பிறகு அதைச் சுருக்க வேண்டும். பிறகு இணையத்தில் அனுப்ப வேண்டும். சேர்க்கும் இடத்தில் தாமதமானால் ஒரு நோய், சுருக்கும் இடத்தில் தாமதமானால் இன்னொன்று, அனுப்பும் இடத்தில் தாமதமானால் மூன்றாவது. பார்க்கிறவர் கண்ணுக்கு மூன்றும் 'ஸ்டக்'தான்.

இதில் சுருக்குவதுதான் பெரிய வேலை. 1080பி படம் என்றால் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நொடிக்கு அறுபது படம் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் என்று வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட். வீட்டிலிருந்து லைவாக அனுப்புவதோ 6 மெகாபிட், மிஞ்சினால் 9. ஐந்நூறு மூட்டைச் சரக்கை ஒரே மூட்டையில் அடைப்பதற்குச் சமம். அதுவும் நொடிக்கு அறுபது முறை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

உலகம் முழுக்க ஸ்ட்ரீம் செய்கிறவர்களில் ஏராளமானோர் பயன்படுத்தும் ஓ.பி.எஸ். மென்பொருள் 2012-இல் ஹ்யூ பெய்லி என்ற நிரலாளர் தொடங்கியது. இன்றுவரை இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதன் 'வியூ' மெனுவில் 'ஸ்டாட்ஸ்' என்று ஒரு சிறிய பெட்டி உண்டு. ரெண்டரிங் லேக், என்கோடிங் லேக், நெட்வொர்க்கில் விழுந்த பிரேம்கள் என்று மூன்று நோய்க்கும் தனித்தனிக் கணக்கு அதில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடமாக லைவ் போடும் தம்பி அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. அன்றிரவு திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினோம். நெட்வொர்க் வரிசையில் பூஜ்யம். ரெண்டரிங்கில் கொஞ்சம். என்கோடிங்கில்தான் சிவப்பாக ஏறிக்கொண்டே போனது.

தனி ஆள் இருக்கும்போது

அவன் மெஷின் மோசமானதல்ல. ஆறு கோர் கொண்ட ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, சுருக்கும் வேலைக்கு எக்ஸ்264 என்ற முறையையும் அதில் 'மீடியம்' என்ற அமைப்பையும் வைத்திருந்தான். எக்ஸ்264 அருமையான மென்பொருள்தான். ஆனால் அது ஓடுவது பிராசசரில். ஆட்டமும் அதே ஆறு கோர்களைக் கேட்கிறது. ஜிடிஏ போன்ற ஆட்டத்தில் கூட்டமான தெருவுக்குள் கார் நுழையும்போது இரண்டும் ஒரே நேரத்தில் கை நீட்டும்.

அவன் கார்டுக்குள்ளேயே இந்த வேலைக்கென்று தனியாக ஒரு பகுதி சும்மா உட்கார்ந்திருந்தது. என்விடியா 2012-இல் தன் கெப்ளர் கார்டுகளில் வைத்த என்வென்க். படம் வரையும் பகுதியைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல் சுருக்கும் வேலையை மட்டும் பார்க்கும். முதலில் வந்தவற்றில் படம் சுமார்தான். 2018-இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்து தரம் நன்றாக உயர்ந்தது. தம்பியின் கார்டு அந்தத் தலைமுறை. ஓ.பி.எஸ்.ஸில் ஒரு பெட்டியில் எக்ஸ்264-ஐ எடுத்துவிட்டு என்வென்க்கைத் தேர்ந்தெடுத்தோம். என்கோடிங் லேக் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஒரு ரூபாய் செலவில்லை.

பழைய கார்டு வாங்கப்போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எல்லாக் கார்டிலும் இந்தப் பகுதி கிடையாது. என்விடியாவின் ஜிடி 1030-இல் இல்லை. ஏ.எம்.டி.யின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் இல்லை. ஆட்டம் ஓடும், ஸ்ட்ரீம் செய்யும்போதுதான் கை விரிக்கும். ஜிடிஎக்ஸ் 1650 முதலில் வந்தபோது அதில் ஒரு தலைமுறை பழைய சுருக்கிதான் இருந்தது. 1650 சூப்பரில் புதியது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

இன்டெல் பிராசசரில் இதே வேலைக்கு 2011-இலிருந்து குயிக்சிங்க் இருக்கிறது. ஆனால் அது பிராசசரோடு ஒட்டிவரும் கிராபிக்ஸுக்குள் இருப்பது. 12400எஃப் என்பதுபோல் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அந்தக் கிராபிக்ஸ் கிடையாது, குயிக்சிங்க்கும் கிடையாது. விலை கொஞ்சம் குறைகிறதே என்று எஃப் வாங்கி, கூடவே சுருக்கி இல்லாத கார்டையும் வாங்கியவர் கடைசியில் எக்ஸ்264-இடம்தான் போய் நிற்க வேண்டும். கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் சேலமானாலும், கேட்டால் மட்டும்தான் பதில்.

அடுத்தது ரெண்டரிங். கார்டை நூற்றுக்கு நூறு பிழிந்து ஆட்டம் ஓடினால், ஓ.பி.எஸ். தன் காட்சியைச் சேர்க்க அதில் இடம் கிடைக்காது. அதுதான் ரெண்டரிங் லேக். தம்பியின் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். ஆட்டமோ 110 பிரேம், 120 பிரேம் என்று யாருக்கும் தெரியாத படங்களை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. லைவில் போவது 60. ஆட்டத்தை 75-இல் கட்டிப்போட்டோம். ஓ.பி.எஸ்.ஸை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தோம், அப்படித் திறந்தால் விண்டோஸ் கார்டில் அதற்கு முன்னுரிமை தரும். ரெண்டரிங் லேக்கும் அடங்கியது.

முதல் நாள் ராத்திரியே முக்கால்வாசி நோய் தீர்ந்துவிட்டது.

ஒற்றைக் குச்சி

மறுநாள் கேபினெட்டைத் திறந்தால், ராம் ஒரே குச்சி, 8 ஜிபி. பெட்டியில் 3200 என்று போட்டு வாங்கியது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அப்படியே.

ராமை மாட்டியவுடன் போர்டு பத்திரமான, எல்லோருக்கும் பொதுவான வேகத்தில்தான் ஓட்டும். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் வர, பயாஸ் என்ற போர்டு அமைப்புக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்பதை ஆன் செய்ய வேண்டும். ஏ.எம்.டி. போர்டுகளில் டி.ஓ.சி.பி. என்றோ, புதியவற்றில் எக்ஸ்போ என்றோ பெயர் இருக்கும். நம் ஊர்களில் அசெம்பிள் செய்த எத்தனையோ மெஷின்களில் இதை யாரும் தொடுவதே இல்லை. காசு கொடுத்து வாங்கிய வேகம் வருடக்கணக்கில் பெட்டியின் எழுத்திலேயே நின்றுவிடுகிறது.

குச்சி ஒன்றாக இருப்பது அதைவிடப் பெரிய குறை. இரண்டு குச்சி போட்டால் பிராசசருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு பாதை திறக்கும். ரைசனில் கோர்களை இணைக்கும் உள்பாதையின் வேகமும் ராம் வேகத்தோடு கட்டுண்டது என்பதால் பலன் இன்னும் கூடும். இன்னொரு 8 ஜிபி வாங்க வேண்டியிருந்தது. இந்த வேலை முழுவதிலும் பெரிய செலவு அதுதான்.

ராம் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 கடைசியிலிருந்து அது ஏறிக்கொண்டே போகிறது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. வீட்டு உபயோக ராம்களைக் குருஷியல் என்ற பெயரில் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டுவிடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு கிரிப்டோ சுரங்கத்துக்காகக் கிராபிக்ஸ் கார்டுகள் கிடைக்காமல் போனபோது நம் பிள்ளைகள் பட்ட பாடு நினைவிருக்கும். 2022 செப்டம்பரில் எத்திரியம் தன் முறையை மாற்றிய பிறகுதான் அந்தக் கிராக்கி தணிந்தது. எங்கோ நடக்கும் காரியத்துக்கு ஜலகண்டாபுரத்துப் பையன் விலை கொடுக்கிறான். கையில் இருப்பதை முழுசாக ஓட்டத் தெரிந்திருப்பது முன்னைவிட இப்போது அவசியம்.

ரெக்கார்டிங்குக்கு எஸ்எஸ்டி வேண்டுமே என்று தம்பி கேட்டான். ஆட்டம் சீக்கிரம் திறக்க எஸ்எஸ்டி நல்லது. ரெக்கார்டிங்குக்கு அவ்வளவு தேவையில்லை. 40 மெகாபிட் தரத்தில் பதிவு செய்தாலும் நொடிக்கு 5 மெகாபைட்தான், எந்த ஹார்ட் டிஸ்க்கும் எழுதும். ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி என்பதால் இடம்தான் வேண்டும்.

பஞ்சு

ராம் மாட்டப்போனபோதுதான் பிராசசரின் ஃபேனைப் பார்த்தேன். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. விரலால் பிடித்து இழுத்தால் துண்டு துண்டாகத் துணிபோலவே வந்தது. தறிப் பஞ்சு.

தறி ஓடும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுக்கடியில், ஜன்னல் கம்பியில், தலைமுடியில் பஞ்சு படியும். பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பதால் இது சாதாரணத் தூசிபோல் ஊதினால் பறக்காது, ஒட்டிக்கொள்ளும். நகரத்து வீடியோக்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள் என்பார்கள். இங்கே மாதம் ஒருமுறை வேண்டும். கேபினெட்டின் முன்பக்கம் காற்று நுழையும் இடத்தில் மெல்லிய நைலான் வலை ஒன்றைக் காந்தப் பட்டையால் ஒட்டி, வாரம் ஒருமுறை அதை மட்டும் கழற்றி உதறினால் உள்ளே போவது பாதியாகக் குறையும். குடோனில் தறியை ஊதும் புளோவரையே இதற்கும் எடுக்கலாம். ஆனால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். விட்டால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும்.

சேலம் பக்கத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இணையத்தில் நாம் பார்க்கும் சோதனைகள் எல்லாம் 22, 25 டிகிரி அறையில் செய்தவை. ஏசி அறையில் 70 டிகிரியில் ஓடும் சில் 38 டிகிரி அறையில் 83-ஐத் தொடும். ஃபேன் தள்ளுவது அறைக்காற்றைத்தானே, அதைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. ரைசன் 3600-க்கு எல்லை 95. அங்கே போனதும் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தம்பியின் மெஷின் அன்றாடம் மாலையில் அந்த எல்லையைத் தொட்டுத் தொட்டுத்தான் வந்திருக்கிறது.

பஞ்சை எடுத்து, சில்லின்மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். 12 டிகிரி இறங்கியது.

புல்லி மாற்றிப் பார்த்த கதை

இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கு ஓவர்கிளாக் ஆசை போகவில்லை. நியாயமான ஆசைதான். எனக்கும் இருந்தது.

இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு விலைச் சில் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300-இல் ஓடவேண்டியது. போர்டில் பஸ்ஸை 100-க்கு மாற்றினால் பலருக்கு அது 450-இல் ஓடியது. அன்றைய விலை உயர்ந்த பென்டியத்தோடு போட்டி போட்டது. குறைந்த காசில் ஒன்றரை மடங்கு வேகம். ஓவர்கிளாக் என்ற சொல்லுக்கு இன்றும் இருக்கும் மவுசு அந்தக் காலத்துச் சொத்து. இன்னொரு பக்கம் இது போட்டி விளையாட்டாகவும் நடக்கிறது. 2024-இல் இன்டெல் 14900கேஎஸ் சில்லைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்து 9.1 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனார்கள். ஹீலியம் கொதிப்பது மைனஸ் 269 டிகிரியில். அது சாதனை, சில நொடிக் காரியம்.

இன்றைய வீட்டுக் கணக்கு வேறு. சில்லின் வேகம் என்பது 100 மெகாஹெர்ட்ஸை எத்தனையால் பெருக்குகிறோம் என்பது. அந்தப் பெருக்கு எண்ணை மாற்ற இன்டெல்லில் பெயர் 'கே' என்று முடியும் சில்லும் இசட் வகைப் போர்டும் வேண்டும். ஏ.எம்.டி.யில் ரைசன் பெரும்பாலும் திறந்தே வரும், போர்டு பி அல்லது எக்ஸ் வகையாக இருந்தால் போதும். ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. வேகம் கூட்டினால் சில் நிலையாக நிற்க வோல்டேஜையும் கூட்ட வேண்டிவரும். வெளிவரும் சூடு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு இருபடியாக ஏறும். ஒரு கணக்குக்கு, வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வோல்டேஜும் பத்து சதவீதம் வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். 1.1-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.33. பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்து மூன்று சதவீதச் சூடு.

பெருக்கு எண்ணை 42-இல் வைத்தோம். எல்லாக் கோரும் 4.2 கிகாஹெர்ட்ஸ். வோல்டேஜ் 1.325. விண்டோஸ் வந்தது. சோதனை மென்பொருளில் மதிப்பெண் நான்கைந்து சதவீதம் கூடியது. தம்பி கைதட்டினான். ஆட்டத்தைத் திறந்தால் 75 பிரேமில் கட்டிவைத்த ஆட்டம் அதே 75-இல்தான் ஓடியது. சூடு மட்டும் மறுபடி 90-க்குமேல். இரவு லைவில் நாற்பதாவது நிமிடம் நீலத்திரை. பார்த்துக்கொண்டிருந்த எழுபது பேரும் போனார்கள்.

பெரியப்பா கதவருகே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பாவு அறுந்துருச்சா?" என்றார்.

இன்று சில் செய்கிற கம்பெனிகளே விளிம்புவரை ஓட்டித்தான் விற்கின்றன. செலரான் காலத்தில் வாங்குபவருக்கு மிச்சம் வைத்திருந்த இடத்தை இப்போது பூஸ்ட் என்ற பெயரில் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அது எவ்வளவு நெருக்கமான விளிம்பு என்பது 2024-இல் தெரிந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் சில்லுகள் தாறுமாறாக நின்றுபோயின. அளவுக்கு மீறிய வோல்டேஜைச் சில்லே கேட்டு வாங்கிக் காலப்போக்கில் பழுதாகிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற திருத்தத்தை வெளியிட்டது. வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. அதற்கு முந்தைய வருடம் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000எக்ஸ்3டி சில்லுகள் சில இடங்களில் கருகின. ராமை வேகமாக ஓட்டப் போர்டுகள் வோல்டேஜைத் தாராளமாக விட்டதுதான் காரணம் என்று தெரிந்து, 1.3 வோல்ட்டில் பூட்டு போட்டார்கள். இந்த வகைச் சில் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பிக்காமல் இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

நாங்கள் கடைசியில் எதிர்த்திசையில் போனோம். வேகத்தைத் தானாக ஏறி இறங்க விட்டுவிட்டு, வோல்டேஜை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கினோம். ஐந்து சதவீதம் இறக்கினால் இருபடிக் கணக்குப்படி சூடு பத்து சதவீதம் குறையும். மிகவும் இறக்கினால் மெஷின் நின்றுபோகலாம், நின்றுபோகாவிட்டாலும் சத்தமில்லாமல் மெதுவாகிவிடலாம். அதனால் ஒவ்வொரு படியிலும் சோதனை மதிப்பெண்ணையும் பார்த்துக்கொண்டே வந்தோம். கிராபிக்ஸ் கார்டில் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளால் மின் எல்லையை 85 சதவீதத்துக்குக் குறைத்தோம். ஆட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஃபேன் சத்தம் மைக்கில் விழுவது நின்றது. குளிரான அறையும் பெரிய கூலரும் இருப்பவர் வேகத்தைக் கூட்டட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் இருப்பவருக்கு வோல்டேஜைக் குறைப்பதுதான் ஓவர்கிளாக்.

கரண்டும் கம்பியும்

மெஷினில் எதைக் குறைத்தாலும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் குறைக்கக் கூடாது. கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயரில்லாத சப்ளையை நம்பி ஓவர்கிளாக்கில் இறங்குவது, தறி வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில், கார்டையும் போர்டையும் சேர்த்துப் பணயம் வைப்பது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்றால் அன்றே கூப்பிடுங்கள்.

கரண்ட் போனால் முதலில் போவது ரூட்டர். மெஷினுக்கு யுபிஎஸ் வைத்தவர்கள்கூட ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். பைபர் ரூட்டருக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. அதையும் போட்டுவிட்டால் அரை நிமிடக் கரண்ட் வெட்டில் லைவ் அறுந்து, பார்க்கிறவர் கலைந்துபோவது இருக்காது. வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து ஒரு லேன் ஒயர் இழுங்கள். 6 மெகாபிட்டில் ஸ்ட்ரீம் செய்ய, மேலே ஏறும் வேகம் பத்தாவது இருக்க வேண்டும். இணைப்புத் தருபவர் சொல்லும் நூறு என்பது பல திட்டங்களில் இறங்கும் வேகம் மட்டும்.

ரெக்கார்டிங்கைச் சாதாரண எம்பி4-இல் வைத்திருந்தால் கரண்ட் போன நொடியில் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகும். மூன்று மணி நேர ஆட்டம் அப்படிப் போய், தம்பி ஒருமுறை அழுதிருக்கிறான். எம்கேவியில் வைத்தால் கரண்ட் போன இடம்வரை பத்திரமாக இருக்கும். பிறகு ஓ.பி.எஸ்.ஸிலேயே அதை எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். மின்வெட்டு உள்ள ஊர்க்காரர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஐந்து மணி நேர லைவுக்கு 300 வாட் இழுத்தால் ஒன்றரை யூனிட். தினமும் போட்டால் இரண்டு மாத பில்லில் 90 யூனிட். வீட்டுக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்ற கணக்கில் வாழும் குடும்பத்துக்கு இது சின்ன எண் இல்லை.

விளையாட்டு மட்டுமல்ல

இதையெல்லாம் பொழுதுபோகாத பிள்ளைகளின் காரியம் என்று ஒதுக்குகிறவர்களைத் தெரியும். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸ் எனும் மின்விளையாட்டை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2025-இல் வந்த சட்டம் காசு வைத்து ஆடுவதைத் தடை செய்தது, மின்விளையாட்டைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. அந்தக் கோடு தெளிவாக இருப்பது பெற்றோர்களுக்கு நல்லது. பிள்ளை ஆடுவது எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நம் ஊர்களில் பெரும்பாலோர் ஆடுவது போனில். அந்த ஆட்டத்தைக் கேப்சர் கார்டு வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து லைவ் போடுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆட்டமே ஓடுவதில்லை, சுருக்கும் வேலை மட்டும்தான். குயிக்சிங்க் உள்ள பழைய ஐ5 போதும். ஓவர்கிளாக் என்ற பேச்சே தேவையில்லை.

அதே மெஷின் இன்னொன்றுக்கும் போதும். மேட்டூர், எடப்பாடி, ஜலகண்டாபுரம் வட்டாரம் தெருக்கூத்து மண். திராவிட இயக்க நாடகாசிரியர் ப. கண்ணன் இந்த ஊரின் பெயரோடுதான் அறியப்பட்டார். இதே வட்டாரத்து ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் கூத்துக்காரர்களுக்காகப் பல வருடம் உழைத்து வருகிறார். கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் கூத்தை யூடியூபில் பார்க்கத் திருப்பூரிலும் பெங்களூரிலும் பிழைக்கப்போனவர்கள் காத்திருக்கிறார்கள். அங்கே 1080பி தேவையில்லை. 720பி, நொடிக்கு 30 படம், 3 மெகாபிட் போதும். சிக்னல் குறையும்போது தரத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் 'டைனமிக் பிட்ரேட்' அமைப்பு ஓ.பி.எஸ்.ஸில் இருக்கிறது, அதை ஆன் செய்துவிடுங்கள். மைக்கை ஆர்மோனியப் பெட்டிக்காரர் பக்கத்தில் வைக்காமல் பாடுகிறவர் பக்கம் வையுங்கள். படம் மங்கலானால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பாட்டு கேட்காவிட்டால் போய்விடுவார்.

தம்பி இந்த ஆடியில் ஊர்க்கோயில் கூத்தை லைவ் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். புது பிராசசர் வாங்கச் சேர்த்த காசில் ராம் குச்சி போக மீதியில் ஒரு நல்ல மைக் வாங்கிவிட்டான்.

கடைக்குப் போவதற்கு முன் ஓ.பி.எஸ்.ஸின் ஸ்டாட்ஸ் பெட்டியைத் திறந்து வைத்து, நீங்கள் வழக்கமாக ஆடும் ஆட்டத்தையே ஒரு மணி நேரம் லைவில் ஓட்டுங்கள். மூன்று எண்களையும், பிராசசர் சூட்டையும், ராம் வேகத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதையும் வாங்குவதற்கு முன் அந்தத் தாளைக் கடைக்காரரிடம் நீட்டுங்கள்.